பிள்ளைக்குப் பெயர் பென்னிகுவிக்

தேனிப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் கேட்டிருப்பீர்கள்: பையன் பெயர் பென்னிகுவிக். குலசாமி பெயருமல்ல, தாத்தா பெயருமல்ல. மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து 1895-இல் வைகைப் பக்கம் திருப்பிய பொறியாளரின் குடும்பப் பெயர். அவருடைய சொந்தப் பெயரான ஜானை விட்டுவிட்டு, நாக்கு சுளுக்கும் இதையே எடுத்துக்கொண்டார்கள்! மூலம், ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே உள்ள ஓர் ஊர். பொருள், குயில் குன்று. அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டியில் அவருக்கே பொங்கல் வைக்கிறார்கள்.

அதே தண்ணீர்தான் நம் மாவட்டத்து நிலக்கோட்டை வட்டத்தில், பேரணையில் கால்வாயாகப் பிரிகிறது. ஆனால் காந்திகிராமத்தில் ஒரு பென்னிகுவிக்கை நான் பார்த்ததில்லை. நம் கிணறுகள் சிறுமலைப் பக்கத்து மழையை நம்பியவை.