சுவாமி சகஜானந்தர்: நன்றியுடன் ஒரு நினைவு

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 27-1-1890 அன்று, எளிய குடும்பத்தில் முனுசாமி என்னும் பெயருடன் பிறந்தவரே நம் மக்கள் போற்றும் சுவாமி சகஜானந்தர். வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் துறவு பூண்டு, தமிழும் வடமொழியும் பயின்று, 1910-இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

நந்தனாரைத் தீயில் மூழ்குவித்த பின்னரே கோயிலுக்குள் விட்டதாகப் புராணம் கூறும் தலம் அது. அத்தலத்திலேயே, அந்நந்தனார் பெயராலேயே, 1916-இல் 25 மாணாக்கர்களுடன் பள்ளியொன்றைத் தொடங்கினார். ஆலய வாயில் நமக்கு அடைபட்டிருந்த காலத்தில் கல்வியின் வாயிலைத் திறந்து வைத்தார். தம் வீடுபேற்றை மட்டும் நாடுவது துறவியர் மரபு. அவரோ பிறர் பிள்ளைகளின் படிப்பையே தம் தவமாகக் கொண்டார். சட்டமன்ற மேலவையிலும் பின்னர்ப் பேரவையிலும் உறுப்பினராக வீற்றிருந்தபோதும் துறவியாகவே வாழ்ந்தார். 1-5-1959 அன்று மறைந்தார், பள்ளி மறையவில்லை.

இளைஞர்களே! அன்னாரின் படத்திற்கு மாலை சூட்டுதல் எளிது. வறுமையால் பாதியில் படிப்பை நிறுத்திய பிள்ளை நம் தெருவிலும் உண்டு. அப்பிள்ளையின் கைப்பற்றி மீண்டும் பள்ளியில் சேர்ப்போமாயின், அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.