மணலுக்குள் ஒரு கடிகாரம்

கட்ச் உவர்வெளியிலுள்ள தோலாவிரா நகரம் சுமார் கி.மு. 3000 முதல் 1500 வரை வாழ்ந்தது. மன்ஹர், மன்சர் என்னும் மழைக்கால ஓடைகளின் நீரை அது கல் தேக்கங்களில் சேமித்தது. இத்தகைய தேக்கங்களின் வயதை எவ்வாறு கணிப்பது?

கல்லின் வயது பாறையின் வயது; கட்டடத்தின் வயதன்று. எனவே கரித்துண்டைத் தேடுகிறோம். அதிலுள்ள கார்பன்-14, 5,730 ஆண்டுகளில் பாதியாகும். சுவருக்கு அடியில் சிக்கிய கரி சுவருக்கு மூத்தது.

கரி இல்லையேல் மணல் உண்டு. புதையுண்ட குவார்ட்ஸ் மணல், மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சால் ஆண்டுதோறும் சிறிது ஆற்றலைச் சேர்க்கிறது. ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால் அந்த ஆற்றல் ஒளியாக வெளிவரும். மொத்தச் சேமிப்பை ஆண்டுச் சேமிப்பால் வகுத்தால் மணல் புதைந்த காலம் கிடைக்கும்.

வெயில் பட்டாலோ கணக்கு அழிந்துவிடும். ஆகவே பழங்குளத்தைத் தூர்வாருமுன், ஒரு குழாய் வண்டலை வெயில் படாமல் எடுத்து வைப்பது நம் கடமை.