மூட்டுவலியும் கோரிமேட்டு பஸ்ஸும்

திண்டிவனம் பக்கத்தில் மூட்டுவலிக்கு முதல் வைத்தியம் வேலியில் படரும் முடக்கத்தான்தான். எங்கள் ஆயா அதை அரைத்து மாவில் கலந்து தோசை சுடுவார். இலையை எண்ணெயில் காய்ச்சி முட்டியில் தேய்ப்பார். அதற்கும் அடங்காவிட்டால் பாண்டிச்சேரி பஸ்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். அந்த மரபில் வந்த ஜிப்மர் மருத்துவமனை 1964-இல் உருவானது. திண்டிவனம் பஸ் ஊருக்குள் நுழையும் முன்பே, ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் இறக்கிவிடும். நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய வசதி.

அதே 1964-இல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரியில் சிக்குன்குனியா பரவியது. பிறகு பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, 2006-இல் தமிழ்நாட்டை மறுபடி பிடித்தது. அப்போது அம்மாவுக்கும் வந்த காய்ச்சல் சில நாளில் விட்டது. வலி மாதக்கணக்கில் விடவில்லை. குந்தி உட்கார்ந்து கோலம் போட முடியவில்லை, ஈரப் புடவையைப் பிழிய முடியவில்லை.

மருத்துவமனையில் காட்டியபோது டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: “காலையில எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?” அரை மணிக்கு மேல் விறைப்பு நீடித்தால் அது வெறும் தேய்மானமாக இல்லாமல் அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

திண்டிவனத்தை உள்ளடக்கிய விழுப்புரம் 1993-இல் தனி மாவட்டமானது. விழுப்புரம் பக்கத்து முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2010-இல். மூட்டு வீக்கம் ஆறு வாரம் தாண்டியும் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களை இப்போது நான் விடுவதில்லை. தூரம் என்ற சாக்கு இனி செல்லாது.