பெருவிழுங்கி

பெருவிழுங்கி என்பது உடலினுள் நுழையும் நுண்ணுயிர்களை விழுங்கி அழிக்கும் நோய் எதிர்ப்பு உயிரணு ஆகும். உயிரணுக்களின் இச்செயலை இலியா மெச்னிக்கோவ் 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திரமீன் இளவுயிரிகளில் கண்டார். இவர் 1908-இல் பவுல் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெருவிழுங்கி தன் சவ்வை நீட்டி நுண்ணுயிரைச் சூழ்ந்து, பை போன்ற குமிழுக்குள் அடைக்கிறது. அக்குமிழுடன் இலைசோசோம் இணையும்போது அமிலமும் நொதிகளும் நுண்ணுயிரைச் சிதைக்கின்றன. எனினும் விழுங்கப்பட்டவை எல்லாம் இறப்பதில்லை. காசநோய்க் கிருமி இவ்விணைப்பைத் தடுத்து, தன்னை விழுங்கிய உயிரணுவுக்குள்ளேயே பெருக வல்லது. டி உயிரணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா பெருவிழுங்கியைத் தூண்டும்போது அத்தடை தளர்ந்து, கொல்லும் திறன் கூடுகிறது. எச்.ஐ.வி. தொற்றில் உதவி டி உயிரணுக்கள் குறைவதால் இத்தூண்டல் நலிவடைகிறது. அத்தொற்றுடையோரில், அடங்கியிருந்த காசநோய் மீண்டும் தலைதூக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.