அபட்ஸ்ஃபோர்டு குர் சீக்கியர் கோயில்: ஒரு மரக்கட்டடத்தின் சமூக வரலாறு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃபிரேசர் பள்ளத்தாக்கிலுள்ள அபட்ஸ்ஃபோர்டு நகரின் குர் சீக்கியர் கோயில், வட அமெரிக்காவில் இன்றுவரை நிலைத்திருக்கும் குருத்துவாராக்களுள் மிகப் பழமையானது. வான்கூவரில் 1908இல் எழுந்த குருத்துவாரா இன்று இல்லை. எனினும், பழமையை மட்டுமே இக்கோயிலின் சிறப்பாகக் கொள்வது அதன் வரலாற்றைக் குறுக்கிவிடும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதற்குக் கட்டடமே முதன்மைச் சான்று. புறத்தே நோக்குவோர்க்கு அது கோயிலாகத் தோன்றாது. குவிமாடம் இல்லை, பளிங்கு இல்லை. கூரையை மறைத்து உயர்ந்து நிற்கும் பலகை முகப்பு, அக்கால மேற்குக் கனடாவின் கடைவீதிக் கட்டடங்களுக்கு உரியது. அருகில் நிற்கும் கொடிமரமே அதனைக் குருத்துவாரா எனக் காட்டுகிறது. மேல்தளம் வழிபாட்டுக் கூடம். கீழ்த்தளம் லங்கர் எனப்படும் பொதுச் சமையலும் பந்தியும் நடைபெற்ற இடம்.

கட்டுமானத்திற்கான மரத்தை உள்ளூர் மரஅறுவை ஆலை நன்கொடையாக அளித்தது. அவ்வாலையில் உழைத்த சீக்கியர் அதனைத் தம் முதுகில் சுமந்து மேட்டுக்குக் கொண்டு சேர்த்தனர். ஆலையின் கொடையை நினைவுகூர்வோர், சுமந்தவர்களின் உழைப்பையும் கொடையாகவே எண்ணுதல் வேண்டும். 1911இல் பணி நிறைவுற்று, 1912 பிப்ரவரியில் கோயில் திறக்கப்பெற்றது.

இவர்கள் எத்தகைய நிலையில் இதனைக் கட்டினர் என்பதே இங்கு இன்றியமையாத வினா. 1907இல் மாகாண அரசு இந்தியர்தம் வாக்குரிமையைப் பறித்தது. பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாப் பயணமாக வருவோர்க்கே அனுமதி என்ற விதி 1908இல் வந்தது. இந்தியாவிலிருந்து அவ்வாறு வரும் கப்பல் வழக்கமாக ஏதும் இல்லை. 1914இல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 பேருள் மிகச் சிலரே கரையிறங்க முடிந்தது. மனைவி மக்களை அழைத்துவர 1919இல்தான் சட்டம் வழிவிட்டது. அதன் பின்னும் வந்தோர் சிலரே. ஆகவே, ஆண்கள் மட்டுமே வாழ்ந்த ஆலைக் குடியிருப்புக்கு இக்கீழ்த்தளப் பந்தியே இல்லமாயிற்று. புதிதாக வந்தோர்க்கு உணவும் தங்கிடமும் இங்குக் கிட்டின. வேலை பற்றிய செய்தியும் ஊர்ச் செய்தியும் அப்பந்தியில்தான் பரிமாறப்பட்டன எனக் கருத இடமுண்டு.

குடும்பங்கள் பெருகிய பின் 1932இலும் 1960களின் இறுதியிலும் கட்டடம் விரிவாக்கப்பட்டது. இடையில், 1947இல் வாக்குரிமை மீண்டது. 2002இல் கனடா அரசு இதனைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. நூற்றாண்டையொட்டி 2011இல் கீழ்த்தளத்தில் சீக்கிய மரபு அருங்காட்சியகம் அமைந்தது. லங்கர் இப்போது சாலையின் எதிர்ப்புறத்துப் புதிய குருத்துவாராவில் நடைபெறுகிறது.