செக்யூரிட்டி பிளஸ்: கணக்குப் படித்தவர்களுக்கும் ஒரு வாசல்

கணினிப் பாதுகாப்புத் துறையின் முதற்படியாகப் பல வேலைவழங்குநர்கள் ஏற்பது, அமெரிக்காவின் கொம்ப்டியா அமைப்பு நடத்தும் செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழ். தற்போதைய பாடத்திட்டம் 2023 நவம்பரில் வெளியானது. 90 நிமிடங்கள், அதிகபட்சம் 90 வினாக்கள். 100 முதல் 900 வரையான அளவில் 750 புள்ளி எடுத்தால் சித்தி. பட்டமோ முன் அனுபவமோ கட்டாயமில்லை.

பாதுகாப்புச் செயற்பாடுகளுக்கு 28 வீதம், அச்சுறுத்தல்களுக்கு 22, முகாமைத்துவத்துக்கு 20, கட்டமைப்புக்கு 18, அடிப்படைக் கருத்துகளுக்கு 12.

முகாமைத்துவப் பகுதி வணிகம் படித்தவர்களுக்குப் பழகிய நிலம். 20,000 டொலர் பெறுமதியான சேர்வரில் ஒரு வெள்ளம் 25 வீதத்தை அழிக்குமென வைப்போம். ஒருதடவை நட்டம் 5,000. பத்தாண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வந்தால் ஆண்டு நட்டம் 500. அதைத் தடுக்க ஆண்டுக்கு 800 செலவிடுவது கணக்குக்கு ஒத்துவராது. காசோலையில் கையெழுத்திடுபவர் வங்கி இணக்கக்கூற்றைத் தயாரிக்கக்கூடாது என்ற பழைய விதியும் கடமைப் பிரிப்பு என்ற பெயரில் இங்கே வருகிறது.

எங்களுக்குச் சிரமம் தருவது வலையமைப்பும் குறியாக்கமும். போர்ட் இலக்கங்களை நாளுக்கு ஐந்தாக எழுதிப் பழகுங்கள். உண்மையான வினாக்கள் என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழே பறிபோகலாம்.

சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும், பின் புதுப்பிக்கவேண்டும். அது தனியே வேலை தராது. ஆனால் ஊரில் கணக்காய்வு செய்துவிட்டு இங்கே களஞ்சியத்தில் பெட்டி அடுக்குபவர், பழைய படிப்போடு இதையும் சேர்த்தால், தகவல் முறைமைக் கணக்காய்வு என்ற கதவைத் தட்டிப் பார்க்கலாம்.