நில அளவைத் தொழிலும் சித்தூர்ச் சீமையும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில், சந்திரகிரியை அடுத்த வயல்வெளிகளில் வரப்போரமாக நடந்து சென்றால், புல்லில் பாதி மறைந்து நிற்கும் சிறு கருங்கற்களைக் காணலாம். அவற்றிற்குப் பூசையில்லை, பொட்டுமில்லை. ஆயினும் அந்தக் கல்லைக் காட்டியே ஒரு குடும்பம் 'இது எங்கள் நிலம்' என்று சொல்லுகிறது. பம்பாய்க்கோ, தில்லிக்கோ, கல்கத்தாவுக்கோ பிழைக்கச் சென்ற ஒருவனுக்கு, அவன் ஊரில் இல்லாத காலமெல்லாம் அவன் நிலத்திற்குச் சாட்சியாக நிற்பதும் அந்தக் கல்லே. அதனை நட்டவர் நில அளவையாளர். ஊரார் வழக்கில் சொன்னால் சர்வேயர்.

வெயிலிலும் சேற்றிலும் சங்கிலி பிடித்து, எண்களைக் குறித்து, இரு பங்காளிகளின் ஏச்சையும் கேட்டுக்கொள்ள வேண்டிய இந்தத் தொழிலுக்கு மனிதர் எதனால் வருகின்றனர்? 'மாதச் சம்பளம், சர்க்கார் உத்தியோகம், ஓய்வூதியம்' என்பது எளிய விடை. அது பொய்யன்று, ஆனால் முழு விடையும் அன்று. முழு விடையைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டும். அதற்குச் சித்தூர்ச் சீமை மிகவும் ஏற்ற இடம். ஏனெனில், ஒரு நூற்றாண்டுக்குள் ஜில்லா எல்லையும் மாநில எல்லையும் மாறி மாறி வரையப்பட்ட பூமி அது.

நிலத்தை அளப்பது நம் நாட்டிற்குப் புதிய கலை அன்று. கி.பி. 966இல் சாமவை என்னும் பல்லவ அரசி திருமலைக் கோயிலுக்கு அணிகலன்களோடு இரண்டு நிலத்துண்டுகளையும் அளித்தாள். ஒரு நிலத்தைத் தானம் செய்ய வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும் அன்றோ? அளந்தவன் ஒருவன் இருந்தால்தான் கொடுப்பவனும் இருக்க முடியும். திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பதை நேயர்களில் பலர் அறிந்திருப்பர். அவற்றில் தானமும் தருமமும் பேசப்படும் இடமெல்லாம் அளவையும் மறைந்து நிற்கிறது.

கி.பி. 1001ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் இராசராச சோழன் தன் நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். அளவு மிக நுட்பமானது. முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியும், அதனையும் முந்நூற்றிருபதாகப் பகுத்த கீழ்முந்திரியும் கணக்கில் இடம் பெற்றன. இந்தப் பெரும்பணியை மேற்பார்த்த அதிகாரி 'உலகளந்தான்' என்னும் பெயரால் சிறப்பிக்கப்பட்டான். மூவடியால் உலகை அளந்த திருமாலுக்குரிய பெயர் அது. வேங்கடத்தானை வணங்கும் நாட்டில் நிலம் அளப்பவனுக்கு இதனினும் உயர்ந்த பட்டம் கிடைத்தல் அரிது. இத்தொழிலுக்கு மனிதரை ஈர்த்த காரணங்களுள் இந்தக் கௌரவத்தை முதலில் வைக்கலாம்.

அடுத்து ஆங்கிலக் கம்பெனியின் காலத்திற்கு வருவோம். புதிதாகக் கைக்கு வந்த நிலங்களின் பரப்பே தெரியாமல் கம்பெனியார் வரி விதிக்க முற்பட்டனர். அளக்கத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனைப்படி 1794ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைக் கோட்டைக்கு அருகே ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர் எட்டுப் பேர்; அநாதை விடுதியிலிருந்து வந்த ஐரோப்பிய வழிச் சிறுவர்கள். அவர்களை 'ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாய்?' என்று கேட்டிருந்தால், 'வேறு கதியில்லை' என்றே சொல்லியிருப்பார்கள். ஆயினும் அந்த எட்டுச் சிறுவர்களோடு தோன்றிய பள்ளியே வளர்ந்து, பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாகப் புகழ்பெற்றது. ஆதரவற்றவர்க்கும் ஒரு கைத்தொழில் தந்து உயர்த்தியது இந்த அளவைக் கலை.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்பவர் பரங்கிமலையின் அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிச் சென்று, சென்னையிலிருந்து மேல்கடற்கரை வரையிலும், பிறகு தெற்கும் வடக்குமாகவும் நாட்டை அளந்தார். 1808இல் அவர் தமது பெரிய தியோடலைட்டுக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்போது, அது மோதிச் சிதைந்தது. பல வாரம் தாமே முயன்று அதைச் செப்பனிட்டார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நாட்டை அளந்த இராசராசன் எழுப்பிய கோயில் அது என்பதை நினைக்கும்போது, அளப்பவர் இருவரும் அங்கே சந்தித்துக்கொண்டதுபோல் தோன்றுகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ் நேயர்கள் அறிந்து மகிழத்தக்க ஒருவர் உண்டு. ஆற்காட்டைச் சேர்ந்த கைவினைஞர் சையத் மீர் மொஹ்சின் ஹுசேன் என்பவர் அவர். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று, இந்திய நில அளவைத் துறையின் நுண்கருவிகளைப் பழுது பார்த்துச் சீர்செய்தார். அன்று ஐரோப்பியர் வகித்துவந்த கணிதக் கருவி அமைப்பாளர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. அக்காலத்தில் வடஆற்காடு ஜில்லாவின் தலைநகராய் இருந்தது சித்தூரே. இவரைத் தொழிலில் நிறுத்தியது, ஒரு கருவி மயிரிழையும் பிழையாமல் பேச வேண்டும் என்னும் கைத்திறனாளனின் ஆசை என்று கொள்ளலாம்.

இவையெல்லாம் பெரும்பரப்பை அளந்த வரலாறு. குடியானவனின் வயலை ஒவ்வொன்றாக அளக்கும் பணி, 1858இல் சென்னை ராஜதானியில் தனி நில அளவைத் துறை அமைந்தபின் முறையாக நடந்தது. ஊர்தோறும் எல்லை வகுத்து, ஒவ்வொரு வயலுக்கும் எண் இட்டு, அதன் வடிவைத் தனித் தாளில் வரைந்தார்கள். அதுவே இன்று புலப்படம் எனப்படுகிறது. வயல் எத்தனை கோணலாக இருப்பினும் அதை முக்கோணங்களாகப் பகுத்துவிடலாம். மூன்று பக்க நீளமும் தெரிந்துவிட்டால் முக்கோணத்தின் வடிவம் மாறாது. கல் காணாமற்போனாலும், புலப்படத்தின் எண்களைக்கொண்டு அது நின்ற இடத்தை மறுபடி கண்டுபிடிக்க முடிவது இதனாலேயே.

'கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும்' என்பது பழமொழி. நிலத்தைப் பொறுத்தவரை, கணக்கைப் பார்க்காவிட்டால்தான் பிணக்கு. அளக்கும் சங்கிலியை 1620இல் இங்கிலாந்தில் எட்மண்டு கன்டர் என்னும் கணித அறிஞர் அமைத்தார். அதன் நீளம் 66 அடி, கண்ணிகள் 100. ஒரு சங்கிலி நீளமும் பத்துக் கண்ணி அகலமும் கொண்ட நிலம் ஒரு செண்டு, அதாவது 435.6 சதுர அடி. நூறு செண்டு ஓர் ஏக்கர். சங்கிலி மறைந்து நாடா வந்தது. நாடாவுக்குப்பின் மின்கருவி வந்தது. ஆயினும் சித்தூரிலும் சென்னையிலும் வீட்டுமனை விலை பேசுவோர் வாயில் செண்டு இன்றும் வழங்குகிறது.

இனி, சித்தூர்ச் சீமையின் தனிக்கதையைச் சொல்லலாம். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலூகாக்களைப் பிரித்துச் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்த ஜில்லா முழுவதும் ஆந்திரத்தோடு சேர்ந்தது. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் நேயர்களுக்கு நினைவிருக்கும். பின்னர் படாஸ்கர் சமரசம் செய்துவைத்தார். கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், நிலத் தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை என்பன அவர் வகுத்த நெறிகள். அதன்படி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களின் சில பகுதிகள் ஆந்திரத்திற்குச் சென்றன. திருப்பதியும், சித்தூரும், புத்தூரும், காளத்தியும் ஆந்திரத்திலேயே நின்றன.

கிராமத்தை அலகாகக் கொண்டார்கள் என்றோம். கிராமத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது? முந்திய தலைமுறைகளில் சங்கிலி பிடித்து, கல் நட்டு, ஊரெல்லைப் படம் வரைந்த சர்வேயர்கள் சொன்னார்கள். வரிக்காகவும் வாய்க்கால் வழக்குக்காகவும் அவர்கள் வரைந்த கோடு, அவர்கள் கனவிலும் காணாதபடி, இரண்டு மாநிலங்களுக்கு இடையே எல்லையாயிற்று. தலைவர்கள் வாதிட்டனர்; மக்கள் சிறை சென்றனர்; முடிவில் கோடு ஓடியது ஊரெல்லைக் கற்களின் வழியே. தன் வேலை எங்கே போய்ப் பயன்படும் என்பதை எந்தச் சர்வேயரும் முன்கூட்டி அறிவதில்லை. ஆகவே ஒவ்வொரு கல்லையும் சரியாக நடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

எல்லை மாறிய ஊர்களில் வாழ்ந்த குடியானவனுக்கு ஜில்லாவும் மாநிலமும் மாறின. மனு எழுதும் மொழியும் மாறியது. ஆனால் வயல் நகரவில்லை. அதன் கல்லும் நகரவில்லை. இரு மாநிலத்திலும் சட்டமும் ஒன்றாகவே இருந்தது. 1923ஆம் ஆண்டுச் சென்னை நில அளவை, எல்லைச் சட்டத்தையே இரு பக்கத்தாரும் தமதாக ஏற்றுக்கொண்டனர். பட்டா, அடங்கல், புறம்போக்கு ஆகிய சொற்கள் இன்றும் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுச் சொத்து. மொழியால் பிரிந்தவரும் அளவையால் பிரியவில்லை என்று இதனைக் கூறலாம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி ஜில்லாவாகியது. அப்பொழுதும் வயலும் கல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இத்தொழிலுக்குப் பெருமை மட்டுமே உண்டு என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். ஓர் அடியை அப்புறம் தள்ளினால் கைநிறையப் பணம் தர ஆள் உண்டு. அதிகாரமுள்ளவன் ஒரு பக்கமும் ஏழை விதவை மறுபக்கமும் நிற்கும் வரப்பில், எண் யார் பக்கம் நிற்கிறதோ அவர் பக்கம் நிற்க நெஞ்சுரம் வேண்டும். இத்தொழிலுக்கு வரும் இளைஞர் உண்மையில் தேர்ந்துகொள்வது இந்தச் சோதனையையே. ஆட்சி மாறும், எல்லை மாறும், தான் எழுதிய எண் நிற்கும் என்ற நினைவே அவரைக் காக்கிறது.

இன்று காலம் வேறு. ஆந்திரத்தில் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் கிராமச் செயலகங்கள் திறக்கப்பட்டபோது, கிராம சர்வேயர் என்னும் பதவி ஏற்பட்டது. கட்டடப் பொறியியலில் பட்டயமோ, தொழிற்பயிற்சி நிலையத்து வரைவாளர் சான்றோ பெற்ற இளைஞரும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தனர். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலம் முழுவதற்குமான மறுஅளவை தொடங்கிற்று. ஆளில்லா விமானம் மேலிருந்து படம் பிடிக்கிறது. செயற்கைக்கோள் குறிப்பைக்கொண்டு கையடக்கக் கருவி இடத்தைச் சொல்லுகிறது. திருப்பதியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், இடமறியும் நுட்பத்திற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. சாமவை நிலம் அளித்த மலைக்கு அருகே இன்று நடக்கும் ஆராய்ச்சி இது.

ஆயினும் கருவி செய்யாத வேலை ஒன்று உண்டு. அண்டை நிலத்தார் இருவரையும் அழைத்து, இருவர் சொல்லையும் கேட்டு, இருவர் கண்முன்னும் கல்லைக் காட்டுவது மனிதர் செய்ய வேண்டிய வேலை. அதற்காகவே சட்டம் அறிவிப்பு அனுப்பச் சொல்லுகிறது. வெளிமாநிலத்தில் உள்ள நேயர்கள் இந்த இடத்தில் சற்றே கருத்தூன்ற வேண்டும். ஊரில் அளவை நடக்கும் அறிவிப்பு வந்தால் அதை மேசை அறையில் போட்டுவிடலாகாது. தாமே செல்ல இயலாவிடில் நம்பிக்கையான ஒருவரையாவது அனுப்ப வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம், அளவை முடிந்ததென அறிவித்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுக்க இடம் தந்தது. அதற்குள் கேளாதவர்க்கு அளவையே முடிவு. தமிழகத்தில் பட்டாவையும் புலப்படத்தையும், ஆந்திரத்தில் 'மீ பூமி' தளத்தில் அடங்கலையும் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும் வசதி இன்று உண்டு.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, கோயிலைக் கண்டபின் வயலுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். புல்லை விலக்கிக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் பாட்டனார் பெயரையும் அறியாத ஒருவர், என்றோ ஒரு நாள் வெயிலில் நின்று நேர்மையாக அதை நட்டிருக்கிறார். அந்த வேலை இன்னும் தேவைப்படுகிறது. அதைச் செய்ய இளைஞர் இன்னும் வருகிறார்கள்.